துடைக்கிற வீடியோவுக்கு என்ன தடை? யூடியூப்பின் துப்பாக்கி விதிகளும் நம் ஊர் லைசென்ஸும்

ஞாயிற்றுக்கிழமை காலை, மலேசியாவில் பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் மாமா வீட்டுப் பின்கட்டு. மேசையில் பழைய பேப்பர் விரித்து, அதன்மேல் அவருடைய செனாப்பாங் பாத்தா மூன்று துண்டாகக் கிடந்தது. மலாயில் ‘பாத்தா’ என்றால் ஒடிந்தது; நடுவில் மடித்துத் தோட்டா போடுகிற வேட்டைத் துப்பாக்கிக்கு இங்கே எல்லோரும் சொல்லும் பெயர் அதுதான். இளம் செம்பனைக் கன்றுகளைக் காட்டுப்பன்றி கிளறிப்போடுகிறது என்று காரணம் எழுதிக்கொடுத்து வாங்கிய லைசென்ஸ், வருஷா வருஷம் புதுப்பிக்கிறார்.

துடைப்பதில் மாமாவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. குழலின் பின்பக்கத்திலிருந்து பித்தளைப் பிரஷை விட்டு இழுப்பார், அப்புறம் கம்பியில் துணி. முதல் துணி கரியாக வரும், அடுத்தது சாம்பல் நிறம், ஐந்தாறு போன பிறகுதான் வெள்ளை. குழல் முனைக்குக் கிட்டே மட்டும் ஒரு பிசுக்கு விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்; தோட்டாவுக்குள் ஈயக் குண்டுகளைத் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் கிண்ணம் தேய்த்துவிட்டுப் போனது அது. கடைசியில் எண்ணெய், தாளிக்கிற மாதிரி இல்லை, துணியில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு. இந்த ஊர் ஈரத்தில் துப்பாக்கியை முதலில் கெடுப்பது வெடிமருந்து இல்லை, காற்று. தோல் உறையில் போட்டு அலமாரியில் வைத்தால் உறை ஈரத்தைக் குடித்து இரும்போடு ஒட்டவைக்கும், வியர்த்த விரல் பட்ட இடத்தில் ரேகை ரேகையாகத் துரு பிடிக்கும்.

அக்கா மகனுக்கு 17 வயது. கைப்பேசியைத் தூக்கிவிட்டான். “தாத்தா, இத எடுத்துப் போட்டா நல்ல வியூஸ் போகும்.”

“வேணாம்டா. லைசென்ஸ் என் பேர்ல இருக்கு, உன் சேனல் பேர்ல இல்ல.”

“எப்படியும் யூடியூப்ல துப்பாக்கி வீடியோ எல்லாம் தடை பண்ணிட்டாங்க, போட்டாலும் தூக்கிடுவாங்க” என்று அவனே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அவன் சொன்னது தப்பு. ஆனால் நிறையப் பேர் இப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், அப்படி நம்புவதற்குக் காரணமும் இருக்கிறது என்பதால் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

யூடியூப்பில் துப்பாக்கியைக் காட்டத் தடை இல்லை. சுடுவதைக் காட்டலாம், விமர்சனம் செய்யலாம், துடைப்பதையும் காட்டலாம். டென்னசியில் உட்கார்ந்துகொண்டு பழைய ரிவால்வரையெல்லாம் சுட்டுக்காட்டும் ஹிக்காக்45 என்கிற முன்னாள் பள்ளி ஆசிரியரின் சேனலும், அரிய பழந்துப்பாக்கிகளை மேசைமேல் வைத்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றி வரலாறு சொல்லும் இயன் மெக்காலமின் ஃபர்காட்டன் வெப்பன்ஸும் இத்தனை ஆண்டாக அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கின்றன. தடை வேறு சில விஷயங்களுக்கு. அந்த விஷயங்கள் மூன்று தவணையாகச் சேர்ந்தன.

முதல் தவணை 2017 அக்டோபர். லாஸ் வேகஸில் ஒரு ஹோட்டல் ஜன்னலிலிருந்து இசை விழாக் கூட்டத்தின்மேல் ஒருவன் சுட்டான், 60 பேர் இறந்தார்கள். அவன் பயன்படுத்தியது பம்ப் ஸ்டாக் என்ற துணைக்கருவி. ஒருமுறை அழுத்தினால் ஒருமுறை மட்டும் சுடும் துப்பாக்கியை, இயந்திரத் துப்பாக்கியைப் போலக் கடகடவென்று சுட வைக்கும். அதைப் பொருத்துவது எப்படி என்று சொல்லும் வீடியோக்களை யூடியூப் அந்த மாதமே நீக்கியது. இரண்டாவது தவணை 2018 மார்ச், ஃபுளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்ட அடுத்த மாதம். இப்போது விதி விரிந்தது: துப்பாக்கியையோ குறிப்பிட்ட துணைக்கருவிகளையோ விற்கும் வீடியோ, விற்கும் இடத்துக்கு இணைப்புக் கொடுக்கும் வீடியோ, துப்பாக்கி, தோட்டா, சுடும் சத்தத்தை அடக்கும் சைலன்சர் ஆகியவற்றைச் செய்யக் கற்றுக்கொடுக்கும் வீடியோ எல்லாம் கூடாது. 30 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது.

அப்போது கிளம்பிய கூச்சல் கொஞ்சநஞ்சமில்லை. இன்ரேஞ்ச் டிவி என்ற சேனல் தங்கள் வீடியோக்களை ஓர் ஆபாசத் தளத்தில் கொண்டுபோய் ஏற்ற ஆரம்பித்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே. விளம்பரக்காரர்களைப் பற்றிக் கவலைப்படாத தளம் அது ஒன்றுதான் என்ற கணக்கு போலிருக்கிறது.

மூன்றாவது தவணை 2024 ஜூன் 18. பாதுகாப்புக் கருவிகளை அகற்றுவது எப்படி என்று காட்டும் வீடியோ கூடாது. வீட்டில் செய்த துப்பாக்கி, தானியங்கித் துப்பாக்கி இவற்றைப் பயன்படுத்தும் வீடியோக்கள் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். இந்த மாற்றத்துக்கு முன்னால் அழுத்தம் இரண்டு பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. டெக் டிரான்ஸ்பரன்சி புராஜெக்ட் என்ற ஆய்வு அமைப்பு 9 வயது, 14 வயதுப் பையன்கள் என்று சொல்லிக் கணக்குகள் திறந்து, கேம் வீடியோக்களைப் பார்க்கவிட்டு, தளம் பரிந்துரைப்பதை அப்படியே சொடுக்கிக்கொண்டே போனபோது துப்பாக்கி வீடியோக்கள் வந்து குவிந்ததை 2023 மே மாதம் வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் மான்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் ஆல்வின் பிராக், வீட்டிலேயே செய்யும் துப்பாக்கிகள் பற்றிய வீடியோக்கள் இளைஞர்கள் கண்ணில் படுகின்றன என்று தளத்துக்குக் கடிதம் எழுதினார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பம்ப் ஸ்டாக்கை அமெரிக்க அரசும் 2018 கடைசியில் தடை செய்தது. அந்தத் தடை செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 ஜூன் 14 அன்று தீர்ப்பளித்தது. நான்கு நாள் கழித்துத் தளத்தின் விதி இன்னும் இறுகியது. நீதிமன்றம் ஒரு பக்கம் இழுக்க, தளம் மறுபக்கம். அமெரிக்காவில் பேச்சுரிமைச் சட்டம் அரசாங்கத்தின் கையைத்தான் கட்டும், தனியார் நிறுவனத்தின் கையை இல்லை. எனவே சட்டப்படி கடையில் வாங்கக்கூடிய பொருளைப் பொருத்திக் காட்டும் வீடியோவைத் தளம் தன் இஷ்டத்துக்கு நீக்கலாம். நீக்குகிறது.

சரி, துடைப்பதும் பழுதுபார்ப்பதும் இதில் எங்கே மாட்டுகின்றன?

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். தளத்தில் விதிப் புத்தகம் ஒன்று இல்லை, இரண்டு. ஒன்று சமூக விதிகள்: மீறினால் வீடியோ போகும், முதல்முறை எச்சரிக்கை, அப்புறம் 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும். இன்னொன்று விளம்பர விதிகள்: வீடியோ இருக்கும், பணம் வராது, பட்டியலில் அந்த வீடியோவுக்குப் பக்கத்தில் மஞ்சள் டாலர் குறி நிற்கும். 2017 தொடக்கத்தில் பெரிய பெரிய நிறுவனங்கள், தங்கள் விளம்பரம் தீவிரவாத வீடியோக்களுக்கு முன்னால் ஓடுவதைப் பார்த்துவிட்டு யூடியூப்பிலிருந்து விலகியபோது இந்த இரண்டாவது புத்தகம் கடுமையாகிவிட்டது. துப்பாக்கி விற்பனை, துப்பாக்கியைக் கூட்டிப் பொருத்துவது, தவறாகப் பயன்படுத்துவது இவற்றை மையமாக வைத்த வீடியோக்கள் விளம்பரத்துக்கு உகந்தவை அல்ல என்கிறது அது. “என் வீடியோவைத் தடை பண்ணிட்டாங்க” என்று புலம்புகிறவர்களில் நிறையப் பேருக்கு நடந்தது இந்த இரண்டாவதுதான். வீடியோ அங்கேயேதான் இருக்கிறது, வருமானம் மட்டும் இல்லை. பேச்சுவாக்கில் இரண்டும் ஒன்றாகி, அக்கா மகன் காதுக்கு வரும்போது ‘எல்லாம் தடை’ என்று ஆகிவிடுகிறது.

ஆனாலும் பராமரிப்புக்காரர்களின் புகார் முழுக்கக் கற்பனை இல்லை. துடைக்க வேண்டுமானால் கழற்ற வேண்டும், கழற்றினதைத் திரும்பப் பூட்ட வேண்டும். வீட்டிலேயே ஒரு துப்பாக்கியைக் கூட்டிச் செய்கிறவன் செய்வதும் பாதி இதே வேலைதான். ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தால் இரண்டிலும் ஒரு மேசை, இரண்டு கை, சின்னச் சின்ன இரும்புத் துண்டுகள். கோடிக்கணக்கான வீடியோக்களை முதலில் சலித்துப் பார்ப்பது கணினி. அதற்கு அந்தக் கை எதற்காகக் கழற்றுகிறது என்று எப்படித் தெரியும்? அமெரிக்காவில் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர்களுக்குக் கருவிகளும் உதிரிபாகங்களும் விற்கும் பிரௌனெல்ஸ் என்ற பழைய நிறுவனத்தின் சேனல் 2018 ஜூனில் ஒரேயடியாக மூடப்பட்டு, சத்தம் கிளம்பியதும் சில நாளில் திரும்பி வந்தது. நிறுவனமும் அதன் பின்னால் ஒரு கூட்டமும் இருந்ததால் திரும்பி வந்தது. தனியாளாக 200 பேர் பார்க்கும் சேனல் நடத்துகிறவனுக்கு யார் சத்தம் போடுவார்கள்?

விதி எழுதுகிறவர்களுக்கும் இது சுலபமான வேலை இல்லை என்பதற்கு என்னிடம் இருக்கும் நல்ல உதாரணம் சால்வென்ட் டிராப். குழலைக் கழுவும் திரவம் தரையில் சிந்தாமல் பிடித்துக்கொள்ள, குழல் முனையில் திருகி வைக்கும் ஒரு குப்பி. சுத்தம் செய்யும் சாமான் என்றுதான் விற்கிறார்கள், சிலர் அதற்குத்தான் வாங்குகிறார்கள். வேறு சிலர் அதைச் சைலன்சராக மாற்றினார்கள். அமெரிக்க அதிகாரிகள் அந்த மாதிரிக் குப்பிகளைச் சைலன்சர் என்றே எண்ணி வாங்கியவர்கள்மேல் நடவடிக்கை எடுத்தார்கள். இப்போது ‘குழலைச் சுத்தம் செய்வது எப்படி’ என்று தலைப்பிட்ட ஒரு வீடியோவில் இந்தக் குப்பி வந்தால் அது துடைக்கும் வீடியோவா, செய்யும் வீடியோவா? நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் எனக்கும் தலை சுற்றும்.

சுட்ட தோட்டா உறையில் மறுபடி மருந்தும் குண்டும் அடைக்கும் பொழுதுபோக்கும் இப்படித்தான். அமெரிக்காவில் தாத்தா காலத்துப் பழக்கம் அது, ஆனால் ‘தோட்டா தயாரிக்கக் கற்றுக்கொடுக்கக் கூடாது’ என்ற வரியைக் கறாராகப் படித்தால் அதற்குள் வந்துவிடும். விசைப் பகுதியை அக்குவேறாகக் கழற்றிச் சுத்தம் செய்து காட்டுகிறவர், வழியில் பாதுகாப்பு விசையையும் கழற்றித்தான் ஆக வேண்டும். அவர் அதைத் திரும்பப் பூட்டுவது வீடியோவின் 23வது நிமிடத்தில் வரும். நேரலை என்றால் பேச்சே இல்லை. கையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு நேரலையில் வரக் கூடாது என்பது விதி, சுடாவிட்டாலும் சரி, துடைத்துக்கொண்டிருந்தாலும் சரி. நேரலையில் ஒருவன் கொலை செய்ததை உலகம் 2019இல் கிரைஸ்ட்சர்ச்சில் பார்த்த பிறகு இந்த ஒரு விதியோடு எனக்குச் சண்டை இல்லை.

என் கருத்து இதுதான்: கோடு போட்ட இடம் பெரும்பாலும் சரி, போட்ட விதம் சரியில்லை. செய்வதையும் மாற்றுவதையும் கற்றுக்கொடுக்காதே, விற்காதே என்பதில் எந்தப் பொழுதுபோக்குக்காரருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் வீடியோ எடுத்தவனுக்கு எந்த நிமிடத்தில், எந்த வரியை மீறினான் என்று சொல்லாமல் மொத்தமாக ஒரு அறிவிப்பை மட்டும் அனுப்பினால், அடுத்த முறை அவன் ஜாக்கிரதையாகச் சொல்லிக்கொடுக்க மாட்டான், சொல்லிக்கொடுப்பதையே விட்டுவிடுவான். அப்போது காணாமல் போவது தோட்டா இருக்கிறதா என்று முதலில் குழலைத் திறந்து பார்க்கச் சொல்கிற சாது ஆள். மிச்சம் இருப்பது, எங்கே மறைத்துப் போடலாம் என்று தெரிந்தவன்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இந்த விதிகள் எல்லாம் அமெரிக்காவின் வீட்டுச் சண்டையில் பிறந்தவை. அங்கே துப்பாக்கி கடையில் கிடைக்கும், எனவே சண்டை வீடியோவைப் பற்றி. இங்கே வீடியோவை யாரும் பார்க்கலாம், பொருள்தான் கிடைக்காது. மலேசியாவில் துப்பாக்கியைக் கட்டுப்படுத்துவது 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், அதாவது சட்டம் 206. அதற்கு மேல் 1971ஆம் ஆண்டின் அதிகத் தண்டனைச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் இந்த இரண்டாவது சட்டத்தின்படி 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. குற்றம் செய்யும்போது சுட்டால் மரண தண்டனை என்பது நெடுநாள் கட்டாயமாக இருந்தது. கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்ட பிறகு நீதிபதி கையில் விடப்பட்டிருக்கிறது. லைசென்ஸ் கொடுப்பது மாநிலப் போலீஸ் தலைவர். துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதைத் தொழிலாகச் செய்யவும் லைசென்ஸ் வேண்டும்.

விளையாட்டுச் சாமான் என்று நாம் நினைப்பதும் இங்கே தப்பாது. காற்றுத் துப்பாக்கியும் சட்டத்தின் கண்ணில் ஆயுதம்தான். உலகமெங்கும் பிளாஸ்டிக் உருண்டை வைத்துச் சண்டை விளையாடும் ஏர்சாஃப்ட், நம் நாட்டில் போலி ஆயுதம் என்ற கணக்கில் வருகிறது. யூடியூப்பில் ஏர்சாஃப்ட் பராமரிப்பு என்று தேடினால் வீடியோ ஆயிரக்கணக்கில் வரும், தளம் அவற்றைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அதைப் பார்த்து ஆசைப்பட்டு ஒரு பையன் ஆன்லைனில் ஒன்றை ஆர்டர் செய்தால் பொட்டலத்தை விட முன்னால் வீட்டுக்கு வருவது போலீஸாக இருக்கலாம். தளம் அனுமதிக்கிறது என்பதற்கும் நாடு அனுமதிக்கிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை என்பது பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டிய சங்கதி. ஹரி ராயா சமயத்தில் கார்பைட் பீரங்கி வெடிக்கிற வீடியோக்களும் இந்த ரகம்தான், ஒவ்வொரு ஆண்டும் விரல் போன கதை ஒன்றாவது வரும்.

இணையத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் நமக்கு இல்லாமல் இல்லை. 80 லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள தளங்களுக்கு லைசென்ஸ் என்ற விதி 2025 ஜனவரியில் வந்தது, இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. அதன் பட்டியலில் சிறார் ஆபாசம், மோசடி, தொல்லை, வன்முறைத் தூண்டல், போதைப்பொருள் எல்லாம் உண்டு, துப்பாக்கியைத் துடைப்பது என்று தனியாக ஒரு வரி இல்லை. தேவைப்படவும் இல்லை.

அப்படியானால் இங்கே யாருக்கு இந்த வீடியோக்கள் வேண்டும்? மாமா மாதிரித் தோட்டக்காரர்கள், சில வேட்டைக்காரர்கள், அப்புறம் விளையாட்டு வீரர்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாகப் போய்ச் சுட்ட நூர் சுர்யானி தாய்பியை நினைவிருக்கிறதா? அவருடைய பிரிவு 10 மீட்டர் காற்று ரைஃபிள், 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு. அந்த விளையாட்டைக் கற்றுக்கொள்ளப் போகிறவர் கிளப்பில் சேருவார், துடைக்கப் பயிற்சியாளரே கையைப் பிடித்துக் காட்டுவார். அவருக்கு வீடியோ ஒரு கூடுதல் வசதி. மாமாவுக்குத்தான் நிஜமாகத் தேவை. சொல்லிக்கொடுத்த பழைய தோட்டத்துக் கிராணி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. துப்பாக்கிக் கடைக்காரர் பழுதுபார்த்துக் கொடுப்பார், பாடம் நடத்த மாட்டார். இந்தத் தட்பவெப்பத்தில், இந்த மாதிரிப் பழைய துப்பாக்கியை எப்படிக் காப்பது என்று தமிழில் உட்கார்ந்து சொன்னவர் யாரையும் நான் பார்த்ததில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் எல்லாம் மாமா மாதிரிதான், கேமராவைக் கண்டால் கையை அசைத்து விரட்டுகிறவர்கள். இங்கே துப்பாக்கி வைத்திருப்பதை ஊருக்குச் சொல்வது புத்திசாலித்தனமும் இல்லை, திருடனுக்கு விலாசம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆக, தமிழில் அந்த வீடியோ இல்லாததற்குக் காரணம் கலிபோர்னியாவில் எழுதிய விதி இல்லை.

பினாங்கில் எல்லோரும் தொட்டுப் பார்க்கக்கூடிய பெரிய துப்பாக்கி ஒன்று உண்டு என்று மாமா சொல்வார், கார்ன்வாலிஸ் கோட்டையில் கடலைப் பார்த்துக் கிடக்கிற ஸ்ரீ ரம்பாய் பீரங்கி. 1603இல் டச்சுக்காரர்கள் வார்த்தது. பிள்ளை வரம் வேண்டி அதன் வாயில் பூ வைத்த காலமும் உண்டு. வெண்கலம் என்பதால் துருவும் பிடிக்காது, லைசென்ஸும் வேண்டாம்.

அன்றைக்குப் பையன் சும்மா இருக்கவில்லை. மடிப்பு மூட்டில் கிரீஸ் எங்கே போடுவது என்று தேடி, மாமாவுடையதைப் போலவே ஒரு பழைய ஒற்றைக்குழலை அமெரிக்கக் கிழவர் ஒருவர் துடைத்துக் காட்டும் வீடியோவைக் கண்டுபிடித்தான். தடை இல்லை, வயதுக் கேள்வி இல்லை, நேராக ஓடியது. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எண்ணெய்க் கையால் போனைத் தொடாமல், 11 நிமிடமும் குனிந்தபடி பார்த்தார்.

“பரவால்ல,” என்றார் கடைசியில். “கிரீஸ்தான் ரொம்ப அப்புறான். நம்ம ஊருக்கு அது ஆகாது, எறும்பு வந்துடும்.”